ஜோ மொரெல்லோவின் கைகள்

ஜோ மொரெல்லோ 1928 ஜூலை 17ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்பீல்ட் நகரில் பிறந்தார். 2011 மார்ச் 12ஆம் திகதி நியூஜேர்சியின் இர்விங்டனில் காலமானார். டேவ் புரூபெக் நால்வர் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் என்றே உலகம் அவரை அறியும். அந்தக் குழுவில் அவர் இருந்தது ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஆசிரியராகவே வாழ்ந்தார். இசைத்தட்டுகளில் கேட்பது முதற்பகுதி மட்டுமே. இரண்டாம் பகுதி இன்று உலகின் பல நகரங்களில், அவர் பெயரைக்கூட அறியாத மாணவர்களின் கைகளில் இருக்கிறது. அவருடைய பயணத்தில் கொழும்புக்கும் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு என்பதும், அவர் வாசித்த கணக்குகள் மிருதங்கம் பழகிய காதுக்கு அந்நியமானவை அல்ல என்பதும் தமிழ் வாசகருக்கு அவரை நெருக்கமாக்குகின்றன.

மொரெல்லோ பிறவியிலேயே பார்வைக் குறைபாடு உடையவர். தெருவில் மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாட முடியாத சிறுவனுக்கு வீட்டிலே இசைதான் துணையாயிற்று. ஆறு வயதில் வயலின் தொடங்கினார். ஒன்பது வயதில் பொஸ்டன் சிம்பொனி இசைக்குழுவுடன் மெண்டெல்சனின் வயலின் கொன்செர்ட்டோவைத் தனிக் கலைஞராக வாசித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே குழுவுடன் மேடையேறினார். பன்னிரண்டு வயதுக்குள் இவ்வளவு கண்ட பிள்ளை வயலினிலேயே நின்றுவிடுவான் என்றுதான் எவரும் எண்ணியிருப்பர். ஆனால் பதினைந்து வயதில் அவர் யாஷா ஹைபெட்ஸைச் சந்தித்தார். அந்த மேதையின் வில்லிலிருந்து வந்த நாதத்தைத் தன்னால் ஒருநாளும் எட்ட முடியாது என்று அவருக்குப் பட்டது. வயலினைக் கீழே வைத்துவிட்டு ட்ரம்ஸுக்கு வந்தார்.

இதைத் தோல்வி என்று கொள்வது பொருந்தாது. வயலின் வில் பழகிய கை எடையை உணர்ந்த கை: எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதை ஒலியைக் கொண்டே அறியும் கை. பிற்காலத்தில் மொரெல்லோவின் மிக வேகமான அடிகள்கூட முரட்டுத்தனமின்றி, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளிந்து கேட்டதற்கு இந்தத் தொடக்கத்தைக் காரணமாகச் சொல்லலாம்.

ஊரிலே ஜோ செப்சிக் என்ற அரங்கக் கலைஞரிடம் முதற்பாடம் கேட்டார். அடுத்து பொஸ்டனில் ஜோர்ஜ் லோரன்ஸ் ஸ்டோனிடம் சேர்ந்தார். மொரெல்லோவின் வாழ்க்கையில் அதிகம் பேசப்பட வேண்டிய பெயர் புரூபெக் அல்ல, ஸ்டோன்தான். 1886இல் பிறந்த அவர் பொஸ்டனில் வாத்தியக் கடையும் பயிற்சிக்கூடமும் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். 1935இல் அவர் வெளியிட்ட ‘ஸ்டிக் கொன்ட்ரோல்’ என்ற மெல்லிய நூல் இன்றும் ட்ரம்ஸ் மாணவர்களின் அரிச்சுவடியாக இருக்கிறது. பாட்டோ மெட்டோ அதில் இல்லை. வலது கையும் இடது கையும் எந்த ஒழுங்கில் மாறி மாறி விழ வேண்டும் என்ற கோவைகளே பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கும். முதலில் வலம், இடம், வலம், இடம். பின்பு வலம் இரண்டு, இடம் இரண்டு. அதன்பின் வலம், இடம், வலம், வலம். உடனே அதன் மறுதலை. ஒவ்வொன்றையும் இருபது தடவை நிறுத்தாமல் வாசித்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும் என்பது நூலாசிரியரின் கட்டளை.

வெள்ளவத்தையில் மாலை வகுப்பொன்றில் மிருதங்கத்தின் முன் சம்மணமிட்டு ‘த தி தொம் நம்’ என்று முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் வாசித்த பிள்ளைக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. மேற்கத்திய முழவுக்காரர்களிடமும் சொல்கள் இருந்தன. இராணுவ முரசு பழக்கியவர்கள் உருட்டலை ‘மாமா டாடா’ என்று வாயால் சொல்லிக் கற்பித்தனர். மேலே சொன்ன வலம்-இடம்-வலம்-வலம் என்ற கோவைக்குப் ‘பாரடிடில்’ என்று பெயர். வாயால் சொல்லிப் பார்த்தால் அது கிட்டத்தட்ட ஒரு சொற்கட்டுத்தான். வேறுபாடு ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் சொற்கட்டு தனக்கென்று வாழ்வு கொண்ட மொழியாகி, கொன்னக்கோல் என்ற கலையாகவே வளர்ந்தது. மேற்கில் அது இராணுவ முகாமோடு நின்று, பின்பு தாளில் எழுதிய குறிகளாகச் சுருங்கிவிட்டது.

ஸ்டோன் கொடுத்த கோவைகளை மொரெல்லோ அப்படியே வாசித்துக் காட்டவில்லை. அடிகளுக்கு நடுவே அழுத்தங்களை இடம் மாற்றி மாற்றி வைத்து, அதே பாடத்தை வேறொன்றாக்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வருவார். சில ஆசிரியர்கள் இதை அடக்கியிருப்பர். ஸ்டோன் அதை எழுதி வைத்தார். 1961இல் வெளிவந்த அவருடைய அடுத்த நூலான ‘அக்சென்ட்ஸ் அண்ட் ரீபவுண்ட்ஸ்’ இவ்வாறு மாணவன் கொண்டுவந்த விதைகளிலிருந்து வளர்ந்தது. நூலை ஆசிரியர் அந்த மாணவனுக்கே சமர்ப்பித்தார்.

ஸ்டோனுக்குப் பிறகு நியூயோர்க்கின் ரேடியோ சிற்றி இசை மண்டபத்தில் நெடுங்காலம் வாசித்த பில்லி கிளாட்ஸ்டனிடம் மொரெல்லோ கற்றார். கிளாட்ஸ்டன் வலிமையை நம்பியவர் அல்லர். மணிக்கட்டும் விரலும் தளர்ந்திருந்தால் குச்சி தானே பேசும் என்ற கொள்கை உடையவர். 1952இல் மொரெல்லோ நியூயோர்க்கில் குடியேறினார். ஸ்பிரிங்பீல்டில் இளவயது நண்பர்களாக இருந்த சாக்ஸபோன் கலைஞர் பில் வூட்ஸும் கிட்டார் கலைஞர் சல் சல்வடோரும் அதே காலத்தில் ஜாஸ் உலகில் மேலே வந்துகொண்டிருந்தனர். ஸ்டான் கென்டனின் பெரிய குழுவில் சிறிது காலம், கிட்டார் கலைஞர்கள் ஜோனி ஸ்மித், டல் பார்லோ ஆகியோருடன் சிறிது காலம் என்று வாசித்தபின், பியானோ கலைஞர் மரியன் மக்பார்ட்லண்டின் மூவர் குழுவில் அவர் நிலைகொண்டார். ஐம்பத்திரண்டாம் தெருவின் ஹிக்கறி ஹவுஸ் உணவகத்தில் அந்தக் குழு இரவு தோறும் வாசித்தது. இடைவேளைகளில் மொரெல்லோ ஒரு மேசையில் உட்கார்ந்து, மடித்த துவாய்த்துண்டின்மேல் குச்சிகளால் பயிற்சி செய்துகொண்டிருப்பார். நகரத்து ட்ரம்ஸ் கலைஞர்கள் அந்த மேசையைச் சுற்றிக் கூடத் தொடங்கினர். கேள்வி கேட்பர், அவர் காட்டிக் கொடுப்பார். அவருடைய முதல் வகுப்பறை அதுவே.

பெனி குட்மன், டொமி டோர்சி ஆகியோர் குழுக்களிலிருந்து வந்த அழைப்புகளை விட்டுவிட்டு, 1956இன் இறுதியில் அவர் டேவ் புரூபெக்கிடம் சென்றார். முதலில் பேசியது இரண்டு மாதச் சுற்றுப்பயணம் மட்டுமே. குழுவின் மற்றொரு தூணான ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞர் போல் டெஸ்மண்ட் பின்னணியில் தூரிகைக்குச்சியால் மெல்ல வருடிக்கொண்டிருக்கும் ஒருவரையே விரும்பினார். மொரெல்லோவோ தானும் பேச வேண்டும் என்ற நிபந்தனையுடன் வந்தவர். சிக்காகோவில் அவருடைய தனி வாசிப்புக்குக் கிடைத்த பலத்த கைதட்டல் டெஸ்மண்டைக் கோபப்படுத்தியது. இவரா நானா என்ற நிலை வந்தபோது, புரூபெக் மொரெல்லோவை அனுப்ப மறுத்துவிட்டார். டெஸ்மண்ட் விலகிப் போகவில்லை. காலப்போக்கில் இருவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். அந்தப் பிணக்கும் அந்த நட்பும் இல்லாமல் குழுவின் மிகப் புகழ்பெற்ற இசை பிறந்திருக்காது.

1958இன் முதற்பாதியில் இந்தக் குழுவை அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் நீண்ட பயணமொன்றுக்கு அனுப்பியது. பனிப்போர்க் காலம் அது. சோவியத் ஒன்றியம் பாலே நடனக் குழுக்களை அனுப்பிப் பெயரெடுத்துக்கொண்டிருக்க, அமெரிக்கா ஜாஸ் கலைஞர்களைத் தூதுவர்களாக்கியது. நால்வரில் பாஸ் வாத்தியக் கலைஞர் யூஜின் ரைட் கறுப்பினத்தவர். மற்ற மூவரும் வெள்ளையர். தன் தென் மாநிலங்களில் இவர்கள் சேர்ந்து மேடையேறுவதைப் பல இடங்களில் பொறுக்காத நாடு, வெளிநாட்டில் அதே காட்சியைத் தன் முகமாகக் காட்டியது. போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை, கிழக்கு மேற்குப் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், ஈராக் என்று பயணம் நீண்டது.

ஜாஸ் கொழும்புக்கு அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. ஷங்காயிலிருந்து பம்பாய், கொழும்பு, கல்கத்தா எனக் கிழக்கு நகரங்களின் ஹோட்டல்களில் வாசித்து 1945இல் கல்கத்தாவில் மறைந்த அமெரிக்கப் பியானோ கலைஞர் டெடி வெதர்போர்ட் போன்றவர்கள் போருக்கு முன்னும் போர்க்காலத்திலும் அந்த இசையை ஆசியத் துறைமுகங்களில் பரப்பினர். கொழும்பின் பறங்கிக் குடும்பங்களிலிருந்தும் கோவாவிலிருந்து வந்து தங்கியவர்களிலிருந்தும் நடன மண்டபக் குழுக்களுக்குக் கலைஞர்கள் கிடைத்தனர். வானொலியின் பங்கு இன்னும் பெரியது. 1951இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவின் குரல் வானொலி இலங்கை வானொலியின் ஒலிபரப்பிகளையும் பயன்படுத்தியது. 1955 முதல் வில்லிஸ் கொனோவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியைச் சிற்றலையில் தேடிப் பிடித்துக் கேட்ட இளைஞர்கள் உலகெங்கும் இருந்தனர். அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலில் இலங்கை வானொலி வர்த்தக சேவையைக் கேட்ட அதே பெட்டிகள், ஊசியைச் சற்றுத் திருப்பினால் இதையும் தந்தன.

கொழும்பின் மற்றொரு பக்கத்தில் தாளம் வேறு வேகத்தில் ஓடியது. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, செட்டியார் தெரு வட்டாரத்தின் கோயில் திருவிழாக்களில் தவில் முழங்கியது. யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சணாமூர்த்தி இளைஞராக எழுந்துவந்த காலம் அது. சிங்கள மக்களிடம் கண்டிய நடனத்தின் ‘கெட்ட பெர’ முழவு இருந்தது. ஆக, முழவுக் கலையில் ஆழ்ந்த மூன்று மரபுகள் ஒரே நகரத்தில் இருந்தன. ஜாஸைக் கேட்டவர்களுக்கும் தவிலைக் கேட்டவர்களுக்கும் இடையே நல்ல பாலம் அமையவில்லை என்பதே அந்த நகரத்தின் இழப்பு. பிந்திய நாளில் 1958ஐக் கொழும்புத் தமிழர் நினைவில் வைத்திருப்பதும் இசையால் அல்ல. புரூபெக் குழு வந்துபோனபின், மே மாதக் கடைசியில் தமிழருக்கு எதிராக வெடித்த வன்செயல் ஆயிரக்கணக்கானோரை அகதி முகாம்களுக்குத் துரத்தி, கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பியது. ஒரே ஆண்டின் இரு நிகழ்ச்சிகள் என்பதற்கு மேல் அவற்றுக்குத் தொடர்பில்லை. ஆயினும் அந்த ஆண்டைப் பற்றி எழுதுபவர் இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்லிப் போவது நேர்மையாகாது.

சென்னையில் மொரெல்லோ மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து அவருடன் சேர்ந்து வாசித்தார். மொரெல்லோவுக்கு அப்போது 29 வயது. 1908இல் பிறந்த பிள்ளை ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார். மான்பூண்டியா பிள்ளையிலிருந்து தொடங்கும் புதுக்கோட்டை வழியில், தந்தை பழனி முத்தையா பிள்ளையிடம் கற்றவர் அவர். இடது கைப் பழக்கம் உடையவர். வலந்தலையை இடது கையால் வாசிப்பவருக்குக் கச்சேரி மேடையில் உட்காரும் இடத்தையே மாற்ற வேண்டியிருந்தது; சக கலைஞர் சிலர் அதை விரும்பவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் பிடிவாதமாக அவரைத் தன் பக்கத்தில் அமர்த்தி வாசிக்க வைத்த பிறகே அவருக்குரிய இடம் உறுதியாயிற்று. கண் முழுமையாகத் தெரியாத ஒருவரும், ‘தவறான’ கையால் வாசித்த ஒருவரும் எதிரெதிரே அமர்ந்த அந்தக் காட்சிக்கு, இரு மரபுகளின் சந்திப்பு என்று வழக்கமாகச் சொல்லும் பொதுச்சொல் போதாது. உடல் கொடுத்த இடரைக் கையின் பயிற்சியால் கடந்த இருவர் அவர்கள்.

பிள்ளையின் வாசிப்பில் மொரெல்லோ எதைக் கேட்டிருக்கக் கூடும் என்பது இரு கலைகளின் அமைப்பைப் பார்த்தாலே விளங்கும். அக்கால ஜாஸ் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையிலேயே நடந்தது. மக்ஸ் ரோச் 1957இல் மூன்று எண்ணிக்கையில் மட்டும் அமைந்த இசைத்தட்டொன்றை வெளியிட்டபோது அதுவே புதுமையாகப் பேசப்பட்டது. கர்நாடக இசையிலோ மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்ற ஐந்து சாதிகளும் ஒரு மாணவன் முதல் சில ஆண்டுகளிலேயே நாவில் பழகிக்கொள்பவை. பழனி பாணியின் சிறப்புக் கணக்கு மட்டுமல்ல. தொப்பியின் குமுக்கி நாதம், அடிகளுக்கு நடுவே விடும் மௌனம், பாட்டின் போக்கை மீறாத அடக்கம் ஆகியவையும் சேர்ந்ததே அது. ஓராண்டு கழித்து மொரெல்லோவின் மிகப் புகழ்பெற்ற தனி வாசிப்பில் நிற்பதும் அடக்கமும் மௌனமுமே. ஒரு சந்திப்பிலிருந்து அது பிறந்தது என்று சொல்ல இடமில்லை. அவர் ஏற்கெனவே அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தார்.

பயணத்தின் விளைவாக அதே ஆண்டில் ‘ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஒப் யூரேசியா’ என்ற இசைத்தட்டு வந்தது. அதிலுள்ள ‘கல்கட்டா புளூஸ்’ என்ற உருப்படியில் மொரெல்லோ தபேலாவின் போக்கை நினைவூட்டும்படி வாசிக்கிறார். அடுத்த ஆண்டு, 1959இன் கோடையில், கொலம்பியா நிறுவனத்தின் முப்பதாம் தெருக் கலையகத்தில் பதிவானது ‘டைம் அவுட்’. அதன் முதல் உருப்படி ‘புளூ ரொண்டோ அ லா துர்க்’. இஸ்தான்புல் தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் புரூபெக் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளத்திலிருந்து பிறந்தது அது. இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று அது பிரியும். கர்நாடக இசையில் சங்கீர்ணத்துக்குரிய வழக்கமான சொற்கட்டு ‘தகதிமி தகதகிட’. அதை ‘தக, திமி, தக, தகிட’ என்று பிரித்துச் சொன்னால் இந்த உருப்படி அப்படியே நாவில் வந்து நிற்கும். இஸ்தான்புல் தெருவும் தஞ்சாவூர்த் திண்ணையும் ஒன்பதை ஒரே மாதிரி வெட்டியிருப்பது வியப்புக்குரியது.

‘டேக் பைவ்’ பிறந்ததும் மொரெல்லோவால்தான். நிகழ்ச்சிகளுக்கு முன் மேடைக்குப் பின்னால் அவர் ஐந்து எண்ணிக்கையில் கைபழகிக்கொண்டிருப்பார். அந்த நடைக்கு ஒரு மெட்டு எழுதும்படி புரூபெக் டெஸ்மண்டைக் கேட்டார். டெஸ்மண்ட் இரண்டு துண்டுகளை எழுதி வந்தார். புரூபெக் அவற்றை ஒன்றாகக் கோத்தார். ட்ரம்ஸ் பின்னால் இருக்க வேண்டும் என்று சண்டைபிடித்தவரே ட்ரம்ஸுக்கு மேடை அமைத்துக் கொடுத்ததாயிற்று. ஜூன் 25ஆம் திகதி முயன்றபோது ஒருவர் மாறி ஒருவர் தாளத்தைத் தவறவிட்டு, இருபது தடவைக்கு மேல் வாசித்தும் கைவிட வேண்டியதாயிற்று. ஜூலை 1ஆம் திகதியே பதிவு கைகூடியது. ஐந்து அங்கே ‘தகிட தக’ என்று மூன்றும் இரண்டுமாக நடக்கிறது. கண்ட சாபுவின் ‘தக தகிட’வைத் திருப்பிப் போட்டது போல அது. கண்ட சாபுவில் பழகிய காதுக்கு முதலில் தாளம் இடம் மாறி விழுவது போலத் தோன்றும். இரண்டு ஆவர்த்தனத்துக்குள் பிடிபட்டுவிடும்.

அந்தத் தனி வாசிப்பைத் தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகியவர் வேறொரு காரணத்துக்காகவும் எளிதில் பின்தொடரலாம். ஜாஸ் ட்ரம்ஸ் கலைஞரின் முறை வரும்போது மற்றவர்கள் பெரும்பாலும் நிறுத்திவிடுவர். இங்கே புரூபெக் நிறுத்தவில்லை. பாடகர் கையில் தாளம் போட்டுக்கொண்டிருக்க மிருதங்கம் கணக்குப் பண்ணுவது போல, பியானோ அதே ஐந்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் மொரெல்லோ இரண்டு நிமிடத்துக்கும் கூடுதலாக வாசிக்கிறார். முதலில் சில அடிகள், பின்பு நீண்ட இடைவெளி. பாஸ் ட்ரம்மில் ஓர் ஒலி விழுந்து அடங்கும் வரை காத்திருக்கிறார். அவருடைய வேகத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பொறுமை ஆச்சரியமளிக்கும். தாளம் அடியில் ஓடிக்கொண்டிருப்பதால் மௌனத்துக்கும் கணக்கு உண்டு என்பதைக் கேட்பவர் தானாக உணர்கிறார். கைதட்டலுக்காக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பழக்கம் இன்று எல்லா மேடைகளிலும், நம்முடைய மேடைகளிலும், மலிந்திருக்கிறது. அவ்வாறு வாசிப்பவர்களுக்கு இந்தப் பதிவை முன்வைப்பது தகும்.

இசைத்தட்டு நிறுவனத்தாருக்கு இதில் நம்பிக்கை இருக்கவில்லை. பழகிய பாட்டுகள் இல்லை, ஆட முடியாத தாளங்கள், அட்டையில் நவீன ஓவியம் என்று குறைகள் எழுந்தன. 1959 டிசெம்பரில் வெளியான அந்த இசைத்தட்டு 1961இல் அமெரிக்காவின் பொதுவான விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது; பின்பு பத்து இலட்சம் பிரதிகளைத் தாண்டியது. 1977இல் டெஸ்மண்ட் இறந்தபோது ‘டேக் பைவ்’வின் உரிமைப் பணத்தை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்தார்.

1961இல் வந்த ‘டைம் பர்தர் அவுட்’ தட்டில் ‘அன்ஸ்குவெயர் டான்ஸ்’ என்ற இரண்டு நிமிட உருப்படி உண்டு. ஏழு எண்ணிக்கை. ஒன்று, மூன்று, ஐந்தில் பாஸ் வாத்தியம். இரண்டு, நான்கு, ஆறு, ஏழில் கைதட்டு. மொரெல்லோ குச்சிகளை முழவின் விளிம்பில் மட்டும் வாசிக்கிறார். மிசிர சாபுவின் ‘தகிட தகதிமி’ இங்கே தலைகீழாகி ‘தகதிமி தகிட’ ஆகிறது. கர்நாடக இசையில் விலோமம் என்று சொல்வது இதுவே. கைதட்டிப் பார்த்தால் கடைசி இரண்டு தட்டில் எவருக்கும் ஒருமுறையாவது தவறும். பதிவின் முடிவில் கேட்கும் சிரிப்பு, அது தவறாமல் முடிந்த நிம்மதியின் சிரிப்பு. தாளம் கற்பிக்கும் ஆசிரியர் வகுப்பில் போட்டுக் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த இரண்டு நிமிடம் கிடைப்பது அரிது.

அதே ஆண்டு மொரெல்லோ தன் பெயரில் ‘இட்ஸ் அபவுட் டைம்’ என்ற தட்டை வெளியிட்டார். பழைய நண்பர் பில் வூட்ஸும் அப்போது பதின்பருவத்தைத் தாண்டாத வைபிரபோன் கலைஞர் கரி பேர்ட்டனும் அதில் வாசித்தனர். 1963 பெப்ரவரியில் நியூயோர்க்கின் கார்னகி மண்டபக் கச்சேரியில் ‘கஸ்டீலியன் ட்ரம்ஸ்’ என்ற உருப்படியில் அவர் வாசித்த நீண்ட தனி, ஒருவர் கையிலுள்ள கலை முழுவதையும் ஒரே இடத்தில் கேட்கத் தருகிறது. அதே 1963இல் டியூக் எலிங்டனின் பெருங்குழு வெளியுறவுத் திணைக்களப் பயணத்தில் கொழும்புக்கு வந்தது. 1958இல் புரூபெக் குழு நடந்த வழியில் மற்றவர்களும் நடக்கத் தொடங்கியிருந்தனர்.

1967இன் இறுதியில் புரூபெக் குழு கலைந்தது. மொரெல்லோவுக்கு அப்போது 39 வயது. வாசகர் வாக்கெடுப்புகளில் ஆண்டுக்காண்டு முதலிடம் பெற்றுவந்தவர்; எந்தக் குழுவிலும் சேர்ந்திருக்கலாம். அவர் கற்பித்தலை எடுத்துக்கொண்டார். லுட்விக் வாத்திய நிறுவனத்தின் சார்பில் ஊர் ஊராகச் சென்று பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் செயல்முறை வகுப்புகள் நடத்தினார். நியூஜேர்சியில் தனி மாணவர்களை வைத்துக்கொண்டார். 1976இல் பழைய நால்வரும் குழுவின் வெள்ளிவிழாவுக்காக மீண்டும் கூடிப் பயணம் புறப்பட்டனர். அதே ஆண்டில் அவருக்கு எஞ்சியிருந்த பார்வையும் போய்விட்டது. அதன்பின் வழிகாட்டி நாயுடன் நடமாடினார். வகுப்புகளை நிறுத்தவில்லை.

கண் தெரியாத ஆசிரியர் கைகளின் அசைவை எவ்வாறு திருத்துவார்? காதால்தான். குச்சியை இறுக்கிப் பிடித்தால் ஒலி தடித்துச் சுருங்கும். தளர்வாகப் பிடித்தால் ஒலி விரிந்து நிற்கும். இரு கைகளுக்கும் ஒலி ஒத்துவராவிட்டால் எந்தக் கை இறுகியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். மொரெல்லோ கற்பித்தது அடிப்படையில் ஒரே ஒரு செய்திதான்: தோலில் விழுந்த குச்சி தானே திரும்பி எழும், கை அதைத் தடுக்காமல் இருக்கப் பழக வேண்டும். தரையில் பந்தைத் தட்டும் பிள்ளை பந்தைத் தூக்குவதில்லை, எழும் பந்துக்குக் கையைக் கொடுக்கிறது. இயல்பான முறை என்று அவர் இதற்குப் பெயரிட்டார். உடலை வருத்திப் பெறும் வேகம் நாற்பது வயதில் மூட்டுவலியாக மிஞ்சும் என்பதைத் தொழில்முறைக் கலைஞர்கள் அறிவர். வாழ்க்கை முழுதும் வாசிப்பதற்கான கையை அவர் கட்டிக்கொடுத்தார்.

அவருடைய நூல்கள் இதே வழியில் எழுந்தவை. 1963இல் மூன்று, ஐந்து எண்ணிக்கைகளுக்கான பயிற்சிகளைத் திரட்டி ‘நியூ டிரக்‌ஷன்ஸ் இன் ரிதம்’ என்ற நூலை வெளியிட்டார். 1983இல் வந்த ‘மாஸ்டர் ஸ்டடீஸ்’ அவருடைய முதன்மையான நூல். ஸ்டோனின் இரண்டு நூல்கள் நின்ற இடத்திலிருந்து அது தொடங்குகிறது. அழுத்தங்களை இடம் மாற்றுதல், பலவீனமான கையைத் தனியே வலுப்படுத்துதல், மிக மெதுவாகத் தொடங்கி மிக விரைவு வரை சென்று மீளுதல் என்று நூல் முழுவதும் கைக்கான பாடங்களே. இதன் இரண்டாம் பகுதி 2006இல் வெளியானது. படிக்க இனிய நூல்கள் அல்ல இவை. அப்பியாச கானத்தின் அலங்காரங்களைப் போல நாள்தோறும் வாசித்துத் தேய்க்க வேண்டியவை.

அவரிடம் பயின்றவர்களில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழுவில் வாசிக்கும் மக்ஸ் வைன்பேர்க் ரொக் இசையில் பெயர்பெற்றவர். பட் மெத்தீனியின் குழுவில் தொடங்கிய டனி கொட்லிப் ஜாஸ் உலகில் நிலைத்தவர்; பின்பு வடக்கு புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மொரெல்லோவின் பாடங்களை ஒழுங்குபடுத்திப் பாதுகாப்பதில் கொட்லிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. மொரெல்லோ மேடையை முற்றிலும் விட்டுவிடவுமில்லை. 1993இல் ‘கோயிங் பிளேசஸ்’, 1994இல் ‘மொரெல்லோ ஸ்டான்டர்ட் டைம்’ ஆகிய தட்டுகள் அவருடைய சொந்தக் குழுவில் வந்தன. மொடர்ன் ட்ரமர் இதழ் 1988இல் அவரைத் தன் புகழ்வரிசையில் சேர்த்தது. தாளவாத்தியக் கலைச் சங்கம் 1993இல் அதே மதிப்பை அளித்தது.

சென்னையில் அவரெதிரே அமர்ந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962இலேயே மறைந்துவிட்டார். அவருடைய மாணவரான திருச்சி சங்கரன் 1971இல் கனடாவுக்குச் சென்று, ஜோன் ஹிக்கின்ஸுடன் சேர்ந்து டொரொண்டோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய இசைக் கல்வியைத் தொடங்கினார். மேற்கத்திய மாணவர்களுக்குச் சொற்கட்டைச் சொல்லிக் கொடுத்து, அதைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் எழுதி, ஜாஸ் கலைஞர்களோடும் வாசித்து, 2011இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். பின்னாளில் ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய நகரம் அதே டொரொண்டோ. 1958இல் எதிரெதிரே அமர்ந்த இரு கலைஞர்களின் வழியும் இவ்வாறு வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குள் சென்று சேர்ந்தது.

கொழும்பில் இன்று மிருதங்கம் பழகும் பிள்ளைகள் வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்குத் தோற்றுகின்றனர். ட்ரம்ஸ் பழகுவோருக்கு லண்டன் டிரினிட்டிக் கல்லூரியின் தரப் பரீட்சைகள் உண்டு. ஒரே வீட்டில் அக்கா மிருதங்கமும் தம்பி ட்ரம்ஸும் பழகுவது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எவருக்கும் புதினமல்ல. தம்பியின் பாடத்தில் வரும் பாரடிடிலும் இரட்டை அடி உருட்டலும் ஸ்டோன் வகுத்து மொரெல்லோ விரித்த பயிற்சிகளின் வழிவந்தவை. அவன் ‘டேக் பைவ்’வை வாசிக்கத் தொடங்கி மூன்றாவது அடியில் தடுமாறும்போது, அடுத்த அறையிலிருந்து அக்கா ‘தகிட தக’ என்று சொல்லிக் கொடுக்கலாம்.